கட்டாத கிணற்றுக்கு ஒரு பஸ்

புவிச்சரிதவியல் படித்த நாற்பது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றுவது இலகு. இறக்குவது அதைவிட இலகு. திரும்ப ஏற்றுவதுதான் மனிதரால் ஆகாத காரியம். ஒருவர் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அந்தக் கல்லைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர், இரண்டு பேரும் சொன்னது பிழை என்று காட்டுவதற்கு வேறொரு கல்லைத் தேடிப் பற்றைக்குள் போயிருப்பார். சாரதி ஹோன் அடித்து அடித்துக் களைத்துவிடுவார். இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தும், எங்கள் புவிச்சரிதவியல் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்துக்கு மறுநாள் நடக்கிற களப்பயணத்தை இந்த முறை நான் ஒழுங்கு செய்கிறேன் என்று கையைத் தூக்கினேன்.

கெம்பஸை விட்டு வெளியே வந்து அப்போது ஒரு வருஷம். சங்கத்தில் சேர்ந்து ஐந்து மாதம். அந்த அறையில் என்னைவிட வயது குறைந்தது சுவரில் புதிதாகப் பூட்டியிருந்த ஏசி மட்டும்தான்.

கை தூக்கியதற்குக் காரணம் இருந்தது. யுத்தம் நடந்த காலமெல்லாம் சங்கத்தின் பஸ் மலைநாட்டுக்கே போய்ப் பழகிவிட்டது. யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆன பிறகும் பழக்கம் விடவில்லை: ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு இரத்தினக்கல் குழி, வழியில் தேநீர், வீடு. எங்கள் புத்தளக் கரையைப் பற்றி நாலு வருஷப் படிப்பில் நான் கேட்டது அநேகமாக ஒரே வசனம்தான்: மணல், உப்பு, சுண்ணாம்புக்கல். பாலாவிச் சந்தியில் வளர்ந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? சொந்த ஊரை யாரோ கடைச் சிட்டையில் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆகவே பஸ் ஒருமுறையாவது எங்கள் பக்கம் வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தலைவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். பொருளாளர் மிஸ் வந்து எல்லா இடத்தையும் நேரில் பார்த்து, பாதீட்டில் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் பஸ் வழக்கம்போல நீர்வீழ்ச்சிக்குப் போகும்.

பொருளாளர் மிஸ் யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர். குறிப்புப் புத்தகத்தோடு ஒரு பென்சிலை நூலால் கட்டி வைத்திருப்பார். அவருடைய பாதீட்டுப் படிவத்தில் பன்னிரண்டு கோடுகள். பஸ், சாரதியின் படி, மதிய உணவு, தேநீர், முதலுதவி, பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பில் இல்லாத செலவு செலவே இல்லை என்பது அவருடைய கொள்கை. அவர் பொருளாளராக வந்த பிறகு சங்கத்தில் யாரும் ஒரு இளநீரைக்கூட வாயால் மட்டும் கணக்குச் சொல்லிக் குடித்ததில்லை என்று சொல்வார்கள்.

நுரைச்சோலைப் பக்கத்து மணற்குன்றுகள், பாலாவி உப்பளம் என்று இரண்டு இடங்களை முதல் நாளே எழுதிவிட்டேன். ஆனால் இவை இரண்டையும் வைத்து நீர்வீழ்ச்சியை வெல்ல முடியாது. பார்த்தவுடன் வாயைப் பிளக்கவைக்கிற ஒன்று தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, என் அண்ணன், எங்கள் பேச்சில் நானா. சின்ன லொறியில் செங்கல்லும் மணலும் ஏற்றுகிறவர். ஒரு நாள் பின்னேரம் வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"உன்ட ஆக்கள் பாக்கிற சாமான் கனமூலையில ஒரு கிணத்துக்குள்ள கிடக்கு. சுவர் நிறைய மட்டி. கறிக்கு ஆகாது. செத்து ஆயிரம் வருஷம் இரிக்கும்."

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் ஆயிரத்தைச் சில ஆயிரங்கள் என்று மாற்றினால் அது சரியான விடை.

கிணறு ஒரு ஹாஜியாருடைய தென்னங்காணியில் இருந்தது. மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைக்க, வரட்சியில் நீர் கீழே போயிருக்கும் நேரம் பார்த்து, பெக்கோ இயந்திரத்தால் அகலமாக வெட்டியிருந்தார்கள். இன்னும் கட்டவில்லை. நான் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். மேலே கபில நிற மணல். அதற்குக் கீழே ஒரு சாண் மொத்தத்தில் வெள்ளைப் பட்டி, முழுவதும் சிப்பி. அதற்கும் கீழே சாம்பல் நிற மணல், அடியில் களி. சரிவால் இறங்கி ஒரு சிப்பியைக் கிள்ளி எடுத்தேன். இரண்டு ஓடும் மூடியபடியே இருந்தன. அலை அடித்துக்கொண்டுவந்து போட்ட சிப்பி என்றால் ஓடுகள் பிரிந்திருக்கும். இது வாழ்ந்த இடத்திலேயே செத்தது. அப்படியானால் களப்பு, கடலோரத்து உப்பேரி, ஒரு காலத்தில் இங்கே இருந்தது. இப்போதைய களப்புக்கு அங்கிருந்து சைக்கிளில் போகவேண்டும். நான் அதன் அடியில் நின்றுகொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே மிளகாய்ச் செடி.

அந்த இடத்திலேயே மூன்றாவது தரிப்பிடத்தை எழுதிவிட்டேன். பிறகுதான் ஹாஜியாரிடம் கேட்கவேண்டும் என்ற ஞாபகம் வந்தது.

ஹாஜியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திங்கட்கிழமை மேசன்பாஸ் வருகிறார் என்றும், கிணற்றைச் சுற்றிச் செங்கல் கட்டத் தொடங்குகிறார்கள் என்றும் சொன்னார். கட்டினால் என் களப்பு செங்கல்லுக்குப் பின்னால் போய்விடும். கூட்டம் முடியும் வரை கட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"அதுக்குள்ள மழ வந்து சுவர் விழுந்தா ஆர் பொறுப்பு, மகள்? உங்கட சங்கமா?"

ஓம் என்றேன். சங்கத்தின் யாப்பில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று அன்றுவரை நான் பார்க்கவில்லை. இன்றுவரையும் பார்க்கவில்லை.

மேசன்பாஸ் அன்று அளவு எடுக்க வந்து நின்றார். அவருக்கு நுரைச்சோலையில் ஒரு மதில் வேலை காத்திருந்தது. அதை முடித்துவிட்டு வருவதென்றால் தனக்கும் வசதிதான் என்றார். மழை பிந்தினால் சுவர் நிற்கும் என்றும் சொன்னார். "மண்ணு மேல ஒரு தோல் காஞ்சி பிடிச்சிரிக்கி. அந்தத் தோல் இரிக்கிற வரைக்கும் பயமில்ல." நான் அதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. மேசன்பாஸிடம் படிப்பதற்காகவா நாலு வருஷம் கெம்பஸ் போனோம் என்ற எண்ணம் அப்போது இருந்திருக்கலாம்.

ஹாஜியார் இணங்கினார். அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். வருகிற கூட்டம் தன் வீட்டில்தான் சாப்பிடவேண்டும். நான் படிவத்தைக் காட்டினேன்: மதிய உணவு, பார்சல், ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று செயற்குழு ஏற்கெனவே ஒதுக்கிவிட்டது. அவருடைய முகம் மாறிவிட்டது.

"என்ட காணிக்கு வந்து பார்சல் பிரிச்சித் தின்னுட்டுப் போனா ஊரு உங்களையா கேக்கும்? என்னயத்தான் கேக்கும். எத்தின சஹன் எண்டு மட்டும் சொல்லுங்க."

சஹன் என்பது பெரிய தட்டு. சோறும் இறைச்சியும் அதில் குவித்து வைப்பார்கள், சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து விருந்துக்கு ஆள் கணக்கு இல்லை, சஹன் கணக்குத்தான். நாற்பதை ஆறால் வகுத்தால் நாலு பேர் மிஞ்சுகிறார்கள் என்றேன். ஹாஜியார் யோசிக்காமல் சாரதி ஒருவர், மேசன்பாஸ் ஒருவர், நானும் நானாவும் என்று எண்ணி எட்டு சஹனாக்கினார். நாற்பத்தெட்டுக்கு இன்னும் நாலு பேர் வேண்டுமே என்று நான் கேட்கவில்லை. விருந்துக்கு ஆள் குறையாது.

இந்தச் செய்தி மிஸ்ஸை மகிழ்விக்கும் என்று நினைத்து அன்றைக்கே அழைத்துச் சொன்னேன். ஒரு கோடு முழுவதும் பூச்சியமாகிவிட்டது, மிச்சம்! மிஸ், சும்மா கிடைக்கிற சோறு எந்தக் கோட்டில் வரும் என்று கேட்டார். நான் படிவத்தின் பன்னிரண்டு கோடுகளையும் திரும்ப எண்ணினேன். சரி, வந்து பார்க்கிறேன் என்று நாள் குறித்தார்.

அவர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் செய்த காரியம் எங்கள் துறை ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மற்றவர்கள் முற்றத்தைக் கூட்டுவார்கள். நான் கிணற்றுச் சுவரைக் கூட்டினேன். மண் அடுக்கு வடிவாகத் தெரியவேண்டுமென்றால் மேலே காய்ந்திருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிக்கவேண்டும் என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள். மேசன்பாஸ் மதில் வேலைக்குப் போகுமுன் சாமான்களைக் கொட்டிலில் வைத்திருந்தார். கேட்டேன், ஒரு கரண்டி தந்தார். பெக்கோ இறங்கிய சரிவால் கீழே போய், கிழக்குச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஓர் ஆள் அகலத்துக்குத் துப்புரவாகச் சுரண்டினேன். சிப்பிகள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று அவற்றுக்குக் கீழே இருந்த சாம்பல் மணலைக் கொஞ்சம் உள்ளே குடைந்தும் விட்டேன். காலையில் மூன்று வாளி தண்ணீர் அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சுவரை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. வெள்ளைப் பட்டி பல்லைக் காட்டிச் சிரிப்பது போல இருந்தது.

மிஸ் கொழும்பிலிருந்து விடிய பஸ்ஸில் வந்து பாலாவியில் இறங்கினார். கையில் குடை. நானாவின் லொறியில் முன் ஆசனத்தில் மூன்று பேரும் நெருங்கி இருந்து நுரைச்சோலைக்குப் போனோம்.

மணற்குன்றில் நான் என் நாவன்மையைக் காட்டினேன். காற்று எப்படி மணலைத் தெரிந்து எடுக்கிறது, பாரமான கறுப்பு மணல் எப்படிக் கோடு கோடாக மிஞ்சுகிறது, இதெல்லாம். மிஸ் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கால் விட்டுப் பார்த்தார். அவரும் எங்கள் ஆள்தானே. முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. வந்த மலர்ச்சி அப்படியே திரும்பி, நாங்கள் வந்த ஒடுங்கிய ஒழுங்கையைப் பார்த்தது.

"பிள்ளை, பஸ் எங்க திரும்பும்?"

நான் மணல் எங்கே திரும்புகிறது என்பதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். பஸ்ஸைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நானா உதவிக்கு வந்தார். "பின்னாலயே எடுக்கலாம் மிஸ். ஒரு மைல்தான்." மிஸ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ் சந்தியோடு நிற்கும், நடை இருபது நிமிஷம் என்று எழுதினார்.

அவரிடம் நாலு கேள்விகள் இருந்தன. நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, டொய்லட் எங்கே, பஸ் எங்கே திரும்பும். உப்பளத்தில் மூன்றாவது கேள்வியில் மாட்டினேன். எங்கள் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். எத்தனை டொய்லட் என்று கேட்டார். ஒன்று.

"நாப்பது பேர். ஆளுக்கு மூண்டு நிமிஷம். ரெண்டு மணித்தியாலம் உங்கட வீட்டு வாசலில நிக்கப்போறமோ?"

கடைசியில் சந்தியில் மூன்று டொய்லட் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் தேநீர் எடுப்பது என்று முடிவானது. தேநீர்க் கோடு வீங்கியது. உப்புப் பாத்திகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது.

கனமூலைக்குப் புறப்பட்டோம். இரண்டு இடத்திலும் தோற்றுவிட்டேன். இனிக் கிணறுதான்.

கிணறு எல்லாவற்றையும் மீட்டுத் தந்தது. நிழலுக்குத் தென்னையும் ஒரு பெரிய மாமரமும். தண்ணீர் உண்டு. ஹாஜியாரின் வீட்டிலும் பக்கத்தில் மகளின் வீட்டிலுமாக டொய்லட் நாலு. தேங்காய் ஏற்ற லொறி வருகிற காணி என்பதால் பஸ் இரண்டு தரம் திரும்பலாம். மிஸ் நாலு சரி போட்டார். வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. பிறகு விளிம்புக்கு வந்து குடையை மடக்கிக்கொண்டு கீழே பார்த்தார். கிழக்குச் சுவரைக் கண்டதும், "அடடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது போதும். பாதீட்டைக் கையில் எடுத்து, பேனையின் மூடியையும் கழற்றிவிட்டார்.

முதலில் ஒரு கரண்டி அளவு சாம்பல் மணல் ஒழுகியது. ஓட்டை உப்புச் சாக்கு ஒழுகுவது போல, சத்தமில்லாமல். பிறகு கொஞ்சம் நின்றது. நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு சிப்பிப் பட்டி நடுவில் வளைந்தது. அதற்கு மேலே இருந்த மணல் முழுவதும், இரண்டு மிளகாய்ச் செடியோடு, கீழே போய் அமர்ந்தது. புழுதி மேலே வந்தது. தென்னைகளில் இருந்த காகங்களெல்லாம் எழும்பிவிட்டன.

மிஸ் கேட்டது ஒன்றுதான். "கீழ ஒருத்தரும் இல்லைத்தானே?"

இல்லை. எல்லோரும் மேலேதான் நின்றோம். மிஸ் பேனையின் மூடியைப் பூட்டினார். அது பூட்டிய சின்னச் சத்தம் சுவர் விழுந்த சத்தத்தைவிட எனக்குப் பெரிதாகக் கேட்டது.

ஹாஜியார் ஓடி வந்தார். பார்த்தார். எங்களைவிட்டு நேரே மேசன்பாஸின் பக்கம் திரும்பினார். அவர் அன்று தன் சாமான்களை எடுக்க வந்திருந்தார், பாவம். சுவர் நிற்கும் என்று சொன்னது நீர்தானே, உம்முடைய பேச்சைக் கேட்டுத்தானே வேலையைப் பிந்த விட்டேன் என்று ஹாஜியார் தொடங்கினார். மேசன்பாஸ் கீழே இறங்கி, விழாமல் மிஞ்சியிருந்த ஓரத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறக்கட்டும் என்று நான் காத்திருந்திருக்கலாம். திறப்பார் என்றும் தோன்றவில்லை.

"அவரில பிழையில்ல, ஹாஜியார். நான்தான் சுரண்டினேன்."

எதற்கு என்று கேட்டார். வடிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மொக்குத்தனம் என்று விளங்கியது. மேசன்பாஸ் கீழே இருந்தபடி, "தோல உரிக்கத்தானா புள்ள என்ட கரண்டியக் கேட்ட?" என்றார். கோபமாகக்கூட இல்லை, அறிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். நானா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், தங்கச்சி என்று ஒருத்தி தனக்கு இல்லாதது போல.

ஹாஜியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"மகள், ஒண்டு கேக்கட்டா? இதத்தானே நீங்க கெம்பஸ்ல நாலு வருஷம் படிச்ச?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு மேசன்பாஸ் சேதத்தைச் சொன்னார். கிணற்றின் வட்டம் மாறவில்லை, செங்கல் கணக்கு அதேதான். ஆனால் பெக்கோ திரும்ப வந்து விழுந்த மண்ணை மேலே எடுத்து, அந்தப் பக்கத்தைப் படி படியாகச் சரித்து வெட்டவேண்டும். கட்டிய பிறகு செங்கல்லுக்குப் பின்னால் மணல் போட்டு நிரப்பவேண்டும். விழுந்த மண்ணையே போட முடியாது. சிப்பி கலந்தால் இறுகாது, பொந்து விழும். அரித்துச் சிப்பியை எடுக்க ஆள் பிடிக்கவேண்டும், அல்லது வெளியிலிருந்து நல்ல மணல் கொண்டுவரவேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஹாஜியாரின் முகம் நீண்டுகொண்டு போனது.

நாங்கள் புறப்படுகிறோம் என்று மிஸ் எழும்பினார். ஹாஜியார் விடவில்லை. அது வேறு, சோறு வேறு என்றார். சமைத்தாகிவிட்டது. வீட்டுக்குள் மிஸ்ஸும் நானும் ஹாஜியாரின் மனைவியும் அவருடைய மூன்று மகள்மாருமாக ஒரு சஹனைச் சுற்றி இருந்தோம். மிஸ் மரக்கறி என்று நானா முன்பே சொல்லியிருந்தாராம். ஆகவே அந்தத் தட்டில் அன்று கத்தரிக்காயும் பருப்பும் முருங்கைக்காயும். மிஸ் மட்டும் அந்நியமாக இருக்கக்கூடாது என்று ஆறு பேருக்கும் மரக்கறி. மூன்றாவது மகள் இறைச்சி இருந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பஸ் நீர்வீழ்ச்சிக்குப் போவதை மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் நன்றாகச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, கூட்டம் வருகிற அன்றைக்கும் இப்படியா என்று கேட்டார். ஹாஜியாரின் மனைவி, இது என்ன, அன்றைக்கு இன்னும் வடிவாக என்றார். இதற்கு எவ்வளவு செலவு முடியும் என்று மிஸ் கேட்டார். கேட்காதது போல அவருக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினார்கள்.

கை கழுவிவிட்டு வந்து மிஸ் நூலில் தொங்கிய பென்சிலை எடுத்தார். பேனை அல்ல, பென்சில். என்னை அருகில் கூப்பிட்டு, பன்னிரண்டு கோடுகளில் இரண்டைத் தொட்டுக் காட்டினார்.

"சாப்பாட்டுக்கு ஒதுக்கின காசு அப்பிடியே கிடக்குது. சோத்துக்கு இவர் பில் தரமாட்டார். பெக்கோக்காரன் தருவான்தானே?"

நான் விளங்காமல் நின்றேன். நாற்பது பேர் நிற்கப்போகிற சுவரைப் பயமில்லாமல் சரித்து வெட்டுவது பாதுகாப்புச் செலவு என்றார். பாதுகாப்புக்கு ஒரு கோடு இருக்கிறது. இத்தனை வருஷமாக அதில் ஒரு விசிலைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. படி படியாக வெட்டினால் ஒவ்வொரு படியிலும் ஓர் அடுக்கைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம், முன்பு இருந்த செங்குத்துச் சுவரில் தான் எப்படியும் ஆளை இறக்கவிட்டிருக்கமாட்டேன் என்றும் சொன்னார். அதாவது சுவர் விழாவிட்டாலும் நான் தோற்றுத்தான் இருப்பேன். அதை அவர் இவ்வளவு நேரமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

அரிக்கிற வேலை மிஞ்சியது. எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. பெக்கோ அந்த மண்ணை மேலே எடுத்து மாமரத்தடியில் குவித்து வைக்கட்டும், மேசன்பாஸ் தன் மணல் அரிக்கிற சல்லடைகளைக் கொண்டுவரட்டும் என்றேன். சிப்பி பொறுக்க நாற்பது பேர் வருகிறார்களே.

மிஸ் அன்று முதல்தடவையாகச் சிரித்தார். தன் சனத்தை அவருக்குத் தெரியும். ஹாஜியாருக்கு நான் சொன்னது பிடிபடவில்லை. படித்த ஆட்கள், பேராசிரியர்மார், என் மண்ணை அரிப்பார்களா என்று கேட்டார். அரிப்பார்கள் என்றேன். அதற்கு அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும்?

"அவை குடுத்துட்டு வருவினம்," என்றார் மிஸ்.

ஹாஜியார் மேசன்பாஸைப் பார்த்தார். மேசன்பாஸ் தோளைக் குலுக்கினார்.

மிஸ் முற்றத்தில் நின்றே தலைவரை அழைத்து, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு மாற்றுவதற்குச் சம்மதம் கேட்டார். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பாடு எப்படி என்று விசாரித்தாராம். அதன் பிறகுதான் பேனை வெளியே வந்தது.

கூட்டம் வருவதற்கு இடையில் இரண்டு தரம் வானம் கறுத்தது. கறுத்த இரண்டு தரமும் ஹாஜியார் என்னை அழைத்து, வானம் கறுத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். மழை பெய்யவில்லை. பெக்கோ வந்தது, பில் தந்தது. சுவர் படிக்கட்டாக மாறியது. இந்த முறை நான் கரண்டியைத் தொடவில்லை. மேசன்பாஸ் கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார் என்பதும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது. முப்பத்தெட்டுப் பேர். மணற்குன்றில் நேரம் போனது, உப்பளத்தில் நேரம் போனது, தேநீரும் டொய்லட்டும் திட்டப்படி முடிந்தன. கனமூலையில் இறங்கியவர்கள் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, சொன்னபடியே மாமரத்தடிக் குவியலில் விழுந்தார்கள். மேசன்பாஸின் இரண்டு சல்லடைகளுக்கும் வரிசை நின்றது. வெள்ளைத் தலைப் பேராசிரியர் ஒருவரும் அவருடைய பழைய மாணவரும் மூடிய சிப்பி ஒன்றுக்காக ஒரு பக்கத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேசன்பாஸ் வேலி ஓரமாக நின்று, மண்வெட்டி பிடிக்கும் முறை பிழை என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சோறு ஆறுகிறது என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் சஹனுக்கு வந்தார்கள். சாப்பிட்ட கையோடு திரும்பவும் குவியலுக்குப் போனார்கள். பின்னேரமாகும்போது குவியலில் பாதிக்குமேல் அரித்தாகிவிட்டது. ஒரு பக்கம் சுத்தமான மணல், மற்றப் பக்கம் ஒன்றுமே இல்லை. சிப்பி எல்லாம் பைகளுக்குள்.

ஹாஜியார் ஒரு கதிரையைப் போட்டு இருந்து கடைசிவரை பார்த்தார். நம்பிவிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பஸ் கிளம்பும்போது பின் சில்லு மணலில் புதைந்தது. சாரதி இறங்கிப் பார்த்துவிட்டு, காலையில் வந்த பஸ் இது இல்லை என்றார். ஆட்கள் இறங்கவேண்டும் என்று சொன்னதும் எல்லோரும் உடனே இறங்கினார்கள். பைகளையும் இறக்குங்கள் என்றதும் ஒருவரும் அசையவில்லை. பையை உள்ளே விட்டுவிட்டுத் தாங்களே தள்ளுவதாகச் சொன்னார்கள். தென்னை மட்டைகளைச் சில்லுக்குக் கீழே போட்டு, முப்பத்தெட்டுப் பேரும் மேசன்பாஸும் நானாவும் சேர்ந்து தள்ளினோம். மிஸ் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, சில்லுக்குக் கீழே போட்ட மட்டைக்கு ஹாஜியார் காசு கேட்கமாட்டார்தானே என்று என்னிடம் கேட்டார். பகிடியா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் மேசன்பாஸ் கட்டத் தொடங்கினார். செங்கல் மேலே வர ஒரு கிழமைக்குள் மழை தொடங்கிவிட்டது. அந்தச் சிப்பிப் பட்டி இப்போது செங்கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. சங்கம் அதற்குப் பிறகு அச்சடித்த களப்பயணக் கைநூலில் மிஸ் ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தார்: ஒழுங்கு செய்பவர் சுவரைச் சுரண்டக்கூடாது. யார் ஒழுங்கு செய்பவர் என்று போடவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வரட்சியில் ஹாஜியார் என்னை அழைத்தார். சுகம் விசாரித்து, கிணற்றில் நல்ல தண்ணீர், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தெக்குப் பக்கம் நீளமா ஒரு வாய்க்கா வெட்ட இரிக்கி, மகள். அதுலயும் மட்டி வரும் போல. உங்கட ஆக்கள் எப்ப வாற?"

நான் உடனே மிஸ்ஸை அழைத்து, வாய்க்கால், மட்டி, சஹன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"தெற்குப் பக்கமோ?" என்றார். "அங்க பஸ் எங்க திரும்பும்?"